நீல் தீவில் ஒரு மணி நாற்பது நிமிடம்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் டெபோரா ஆவடியிலிருந்து போன் செய்தாள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் அந்தமானுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டாளாம். பிப்ரவரி 9 போய் 16 திரும்புவது. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் முடிந்ததற்குப் பரிசு என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை என்று மார்த்தாள் சொல்கிறாள்.

பரிசு என்பது வெளிப்பேச்சு. மார்த்தாளின் தம்பி சுப்பன் அங்கே நீல் தீவில் இருக்கிறான். நாற்பது வருஷமாகப் போக்குவரத்து இல்லை. போன நவம்பரில் அவன் மகள் மோனிகா எப்படியோ டெபோராவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம்.

தீவுக்குத் தீவு போகும் கப்பலுக்கும் டெபோரா ஏதோ ஏஜெண்டிடம் சொல்லியிருந்தாள். நிறுத்தச் சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்பு. சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். ரயில்வே டைம் டேபிள் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாக இங்கிலீஷ் படித்தேன். திருத்தணியில் எங்கள் தெருவில் யார் ரயில் ஏறினாலும் என்னைக் கேட்டுத்தான் ஏறுவார்கள். கப்பல் நேரம் பார்க்க எனக்கு ஏஜெண்டு வேண்டுமா?

ஜனவரி 8, வியாழன்

தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கப்பல் நேர அட்டவணைகளை அச்செடுத்து வந்தேன். கடைக்காரன் வேடியப்பன், "இன்னா பெரியவரே, கப்பல் வாங்கப் போறியா?" என்றான். சிரிக்கிறான்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எழுதினேன். போர்ட் பிளேரில் காலை 6.30 கப்பல். நீல் தீவு 8.30. அங்கிருந்து 10.10 கப்பல். ஹேவ்லாக் 11.15. ஹேவ்லாக்கில் மூன்று நாள். பிறகு நேராகப் போர்ட் பிளேர்.

நீலில் ஒரு மணி நாற்பது நிமிடம் கிடைக்கிறது. நோயாளியைப் பார்த்துவிட்டு வர அது போதும்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து டெபோரா வந்திருந்தாள். என் தாளைப் பார்த்தாள். "இன்னா நைனா இது, மாமாகூட ஒன்றரை மணி நேரம், பீச்சுல மூணு நாளா?"

கப்பல்கள் அப்படித்தான் அமைகின்றன என்றேன்.

தீவுகளுக்கு இப்போது வேறு பெயராம். நீல் இல்லை, ஹேவ்லாக் இல்லை, போர்ட் பிளேரும் இல்லை. மாற்றி எழுது என்றாள். யாரோ உட்கார்ந்த இடத்தில் பெயர் மாற்றினால் நான் ஏன் மாற்ற வேண்டும், அங்கே இருக்கிறவன் பழைய பெயரைத்தானே சொல்லிக்கொண்டிருப்பான் என்றேன்.

"தீவுக்குப் பழைய பேரு. அம்மாவுக்கு மட்டும் புதுப் பேரா?"

மார்த்தாள் அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். பெண்ணுக்கு வாய் நீளம். என்னைப்போல என்று சொல்வார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எதிர்வீட்டுக் கமலா கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, "படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சுட்டேங்க" என்றாள். வருஷா வருஷம் அப்படித்தான் செய்கிறாள். நான் விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடுவதில்லை என்று தெருவுக்கே தெரியும்.

மார்த்தாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "என் தலைப்பொங்கலுக்கு சீர் வரல. தம்பி வருவான் வருவான்னு வெளக்கு வெக்கிற வரிக்கும் வாசல்ல நின்னுகினு இருந்தேன். சின்னப் பையன், கையில காசு இருந்திருக்காது."

நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.

எழுதிவிடுகிறேன். அன்று சுப்பன் வந்தான். பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். பஸ் ஸ்டாண்டில் நான் எதிரே நின்றேன். பக்கத்தில் அப்போதைய போதகர், சபைக் கமிட்டியார் இரண்டு பேர். கல்யாணத்துக்காக அவள் ஞானஸ்நானம் எடுத்து, பூவம்மாள் மார்த்தாளாகிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. படைத்த சீர் என் வீட்டுக்குள் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து, உன் தம்பி வரவில்லை என்றேன்.

அந்த வருஷமே அவன் கப்பல் ஏறிப் போய்விட்டான்.

ஜனவரி 16, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. வேதம் சொன்னபடி செய்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஜனவரி 19, திங்கள்

கப்பல் டிக்கெட்டை நானே போனில் எடுத்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. எடுத்துவிட்டேன்.

பயணி பெயர் என்ற கட்டத்தில் எலியாஸ், 71. அடுத்ததில் மார்த்தாள், 62. டெபோரா நூறு தடவை சொல்லியிருந்தாள், ஆதார் அட்டையில் இருப்பதையே போடு என்று. அட்டையில் அவளுக்குப் பூவம்மாள் என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்றைக்கு நாளைக்கு என்பாள். விமான டிக்கெட்டில் டெபோரா அந்தப் பெயரைப் போட்டிருக்கிறாள், அது அவள் பாடு. நான் எடுக்கும் டிக்கெட்டில் என் மனைவியின் பெயர் மார்த்தாள். கப்பல் என்ன, தண்ணீரில் போகும் பஸ்தானே. யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜனவரி 22, வியாழன்

நீலில் இரண்டு நாள் தங்கலாமா என்று மார்த்தாள் கேட்டாள். அதற்குத் தோதாகக் கப்பல் இல்லை என்றேன்.

கப்பல் இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

தைக் கிருத்திகை. மலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தில் கடைத்தெருவுக்குப் போய் வரவே பாதி நாள் போயிற்று. மார்த்தாளுக்கு வாந்தி மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

தெருவில் ஒதுங்கி நின்றபோது ஒன்று தோன்றியது. நான் ஏன் ஒரு மணி நாற்பது நிமிடம் வைத்தேன்? போனில் அக்காளும் தம்பியும் தினம் பேசுகிறார்கள். மருந்து சாப்பிட்டாயா, கால் வீக்கம் இறங்கிற்றா, அவ்வளவுதான். அவனுக்கு மூச்சு வாங்கும், மோனிகா போனை வாங்கி வைத்துவிடுவாள். நேரில் பார்த்தால் முதல் அரை மணி அழுகை. பிறகு சாப்பாடு. பிறகு கப்பலுக்கு நேரமாகிவிடும். பழைய கதைக்கு நேரம் இருக்காது.

அதற்காகத்தான் வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூட்டை கட்டியாகிவிட்டது. வேர்க்கடலை இரண்டு கிலோ, மோர்மிளகாய், அவனுக்கு ஒரு லுங்கி. சிறுநீரகக்காரனுக்கு மோர்மிளகாய் ஆகுமா என்றேன். "வாசனையாவது பாக்கட்டும்" என்றாள்.

சாம்பல் புதன் 18ஆம் தேதி. அதற்குள் வந்துவிடுவோம் என்று சபையில் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் மின்சார ரயிலில் சென்னை. அங்கிருந்து விமானம். மார்த்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இத்தனை தண்ணியத் தாண்டி எப்படித்தான் போனானோ" என்றாள். போர்ட் பிளேரில் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே லாட்ஜ். என் திட்டப்படி எல்லாம் நடக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

ஐந்தே முக்காலுக்கே ஜெட்டியில் வரிசையில் நின்றோம். சீட்டுப் பார்க்கிறவர் தமிழர், சட்டையில் ராஜவேலு என்று பெயர் குத்தியிருந்தார். என் சீட்டைப் பார்த்து அனுப்பினார். அடுத்ததில் நிறுத்தினார்.

"மார்த்தாள் யாரு?"

"இவதான்."

"அட்டைல பூவம்மாள்னு இருக்கே பெரியவரே."

"அது பழைய பேரு. கோயில்ல மார்த்தாள்."

"பழசு புதுசு எனக்குத் தெரியாதுங்க. சீட்டும் அட்டையும் ஒண்ணா இருக்கணும்."

கத்தினேன். நான் அவள் புருஷன், நான் சொல்கிறேன், நாற்பத்தொரு வருஷமாக நான் கூப்பிடும் பெயர் எனக்குத் தெரியாதா என்று. பின்னால் நின்றவர்கள், பெருசு ஒதுங்கு, கப்பல் போய்விடும் என்றார்கள். ராஜவேலு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க பேர் என்னம்மா?"

"பூவம்மாள்ங்க."

யோசிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டில், தெருவில், சபையில் இத்தனை வருஷமாக மார்த்தாள். கேட்டவுடன் வாயில் வந்தது அதுதான்.

ஓரமாக நின்றோம். கப்பல் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அவளிடம் சொல்லவும் சொன்னேன்: "சரி வுடு, நாளைக்கு நேரா ஹேவ்லாக் போயிடலாம். தம்பிய இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அட்டையக் குடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டு அரசுக் கப்பல் கவுண்டருக்கு நடந்தாள். இதுவரை பஸ்ஸில்கூடச் சீட்டு நான்தான் வாங்குவேன். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று ஒரு சீட்டோடு வந்தாள்.

"ஒரு எடம்தான் இருக்குதாம். நாளைக்குக் காலைல. நான் போறேன்."

"தனியாவா? உனக்கு இன்னா தெரியும்?"

"பேரு தெரியும்."

பிப்ரவரி 11, புதன்

போய்விட்டாள். ஜெட்டி வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள், சீட்டு இல்லாதவன் உள்ளே போக முடியாது. வேர்க்கடலைப் பையை நான் தூக்கி வந்தேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெயரை வேண்டுமென்றே போட்டேனா? தடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தே போட்டேனா? தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதவும் கை வரவில்லை.

பத்து மணிக்குப் போன். "சேந்துட்டேன். எலும்பா இருக்கான்." வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

மதியம் போன் வந்தது. நான் லாட்ஜ் கீழே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தலைப்பொங்கலுக்கு அவன் வந்தானாமே."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"கரும்பு, பச்சரிசி, வெல்லம், புதுப் பானை. எனக்குக் கனகாம்பரக் கலர்ல புடவை. தலைல வெச்சிகினு வந்தானாமே. சொல்லுங்க. வந்தானா?"

"ஆங்."

"நான்தான் வேணாம்னு சொல்லி அனுப்பினேன்னு இருந்திருக்கான். நாப்பத்தியொரு வருசமா." அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பதினாறாம் தேதி நீங்க ஊருக்குப் போங்க. நான் இருக்கறேன்."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்தேன்.

பொங்கலன்று இந்த நோட்டில் எழுதியதில் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதுகிறேன். படைத்தது வேண்டாம் என்று நான் சத்தமாகச் சொன்னேன். போதகருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவன், "படைக்கல பாவா. சந்தையில வாங்கி நேரா வரேன். நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும், அதான் வீட்டுக்குக்கூட எடுத்துகினு போகல" என்றான். பத்தொன்பது வயசு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தலையில் அவ்வளவு பாரம். சொல்ல எனக்குக் காரணம் எதுவும் மிச்சம் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படி மாற்றுவது?

அப்போதுதான் சொன்னேன். "உங்க அக்காவே இனிமே இதெல்லாம் வேணாம்னுட்டா."

வேதத்தில் எங்கே இருக்கிறது இது? எந்த அதிகாரம், எந்த வசனம்? எனக்கு அத்தனையும் மனப்பாடம். இது இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

டெபோரா போன் செய்தாள். அம்மா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்டியா நைனா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

16ஆம் தேதி தனியாக ஊருக்குப் போனால் கமலா கேட்பாள், சபையில் கேட்பார்கள், அம்மா எங்கே என்று. தம்பிக்கு உடம்பு சரியில்லை, அங்கே இருக்கிறாள் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. மரியாதையாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இப்படி யோசிக்கத்தான் எனக்கு நன்றாக வருகிறது.

அரசுக் கப்பல் கவுண்டரில் மூன்று மணி நேரம் நின்று நாளைக்கு ஒரு இடம் வாங்கினேன்.

பிப்ரவரி 14, சனி

நீல் தீவு. என்னை யாரும் வரச் சொல்லவில்லை. ஆட்டோக்காரனிடம் சுப்பன் பெயரைச் சொன்னதும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். பாக்கு மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை வீடு. அவன் வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பதினோரு வயது இளையவன். என் அப்பாவைப்போல இருந்தான்.

"வா பாவா" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "அக்கா, ஆள் வந்துகீது" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

நான் அவனிடம் சொல்ல வேண்டியதைக் கப்பலில் இரண்டு மணி நேரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரில் உட்கார்ந்ததும் வாயில் வந்தது: "கப்பல் இருவது நிமிசம் லேட்டு."

"அது அப்படித்தான்" என்றான்.

பிப்ரவரி 16, திங்கள்

11.40 விமானம். நான் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். இங்கே எனக்குத் தெரிந்த சபை இல்லை. பட்டினி இருந்தேன். அவள் நான் சாப்பிடாததைக் கவனித்தாள், காரணம் அவளுக்குத் தெரியும், தட்டு வைக்கவில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மோனிகாவிடம் விவரம் கேட்டேன். அவள் இங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் அவனுக்குப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம். போகக் கப்பல், வரக் கப்பல். முடிவதற்குள் மதியக் கப்பல் போய்விடுகிறது, அதனால் யார் வீட்டிலாவது தங்கி மறுநாள் வருகிறான். போன வாரம் செவ்வாய், அக்கா வருகிறாள் என்று போகவே இல்லையாம். கூடப் போக ஆள் இல்லாத வாரம் ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறான். "அந்த வாரம் மூஞ்சி வீங்கிடும் பெரியப்பா" என்றாள். நான் மாமா முறை. அவளுக்கு முறை சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? திருத்தவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோடு போட்டு ஒரு தாள் தயார் செய்தேன். காலை 7.00 கப்பலில் போனால் பத்து மணிக்கே மெஷினில் உட்காரலாம். இரண்டுக்கு முடியும். 3.30க்குத் திரும்ப ஒரு கப்பல் இருக்கிறது, அது ஹேவ்லாக்கைச் சுற்றி வருகிறது, அதனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ராத்திரி தங்க வேண்டியதில்லை. நோயாளிக்கும் துணைக்கும் முன்கூட்டியே இடம் கொடுப்பார்களாம், அதற்கு ஒரு விண்ணப்பம். அதையும் எழுதினேன்.

சுப்பன் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தான். "ரெண்டு வருசமா இந்தத் தண்ணில போய் வந்துகினு கீறேன். நீ வந்து எட்டு நாள் ஆவுது. எனக்கு டைம் சொல்ற." அவன் சொன்ன விதத்தில் சிரிப்பு இல்லை. மோனிகாதான் சிரித்தாள். பிறகு, "சரி, செவுத்துல ஒட்டு" என்றான்.

"நீ வரணும்னு நான் கேக்கல பாவா. அக்காவுக்காவ இருக்கறேன்னா இரு" என்றும் சொன்னான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளில் என்னிடம் முதல் தடவையாகப் பேசினாள். "விண்ணப்பத்துல என் பேரையும் சேத்து எழுதுங்க. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் அவனால படி ஏற முடியும்."

எழுதினேன். அட்டையில் உள்ளபடி.

பிப்ரவரி 24, செவ்வாய்

7.00 கப்பல். சுப்பன் நடுவில், நான் ஒரு பக்கம், பூவம்மாள் ஒரு பக்கம். தீவு மறைவதற்குள் அவனுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் கவரைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி எடுத்து முடித்து, என் சட்டைத் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்தானா, தெரியாமல் செய்தானா, தெரியவில்லை.

அப்போது சொன்னேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல அக்கா சொன்னான்னு சொன்னது பொய் சுப்பா. நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. நான் செஞ்சது. தப்பு."

கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"ஆங்" என்றான். கொஞ்சம் கழித்து, "கப்பல் எப்ப சேரும், அத சொல்லு."

"ஒம்போது பத்து."

ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் சேர்ந்தது.